சக்கரம் ஏன் முனகுகிறது?

காரில் போகும்போது பாட்டுக் கேட்பது நல்ல பழக்கந்தான். ஆனால் காரே பாட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது?

என் காருக்கு அந்த வித்தை திடீரென்று வந்து சேர்ந்தது. முப்பது கிலோமீட்டர் வேகம் வரையில் பரம சாது. நாற்பதைத் தொட்டதும் அடித்தொண்டையில் 'ஊம்...' என்று ஆரம்பிக்கும். அறுபதில் அது ரீங்காரமாகிவிடும். எண்பதில், தலைக்கு மேல் ஆகாய விமானம் தாழப் பறக்கிற மாதிரி இருக்கும். வேகத்தைக் குறைத்தால் ஸ்ருதியும் கூடவே இறங்கிவிடும்.

பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் காட்டினேன். கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: "வீல் பேரிங் போயிடுச்சு, சார்!" ஒரு பக்கத்துப் பேரிங்கை மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. "அப்படீன்னா அந்தப் பக்கந்தான்" என்றார்கள். அதையும் மாற்றினார்கள். பணம் போயிற்று, சத்தம் போகவில்லை. 'பழைய வண்டி, கிடக்கட்டும்' என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நாகூர்ப் பிரயாணம் வந்தது. பேத்திக்கு உடம்பு தேறியதும் நாகூர் ஆண்டவர் தர்காவுக்கு அழைத்து வருவதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வயலும் வாய்க்காலும் பச்சைப் பசேலென்று கூடவே வரும். பொருத்தமாக இருக்கட்டுமே என்று நாகூர் ஹனீபா அவர்களின் பாட்டைப் போட்டேன். மைக் இல்லாமலே ஊர்க் கோடி வரை எட்டும் வெண்கலக் குரல் அது. அந்தக் குரலோடு என் கார்ச் சக்கரம் போட்டி போட்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

"பக்க வாத்தியம் கொஞ்சம் தூக்கலா இருக்குங்க" என்றாள் மனைவி.

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் கட்டிக் கொடுத்த 131 அடி உயர மினாரா கண்ணில் பட்டதும் எல்லோருக்கும் நிம்மதி பிறந்தது. தர்கா வாசலில் கை, கால், கண், வீடு, படகு என்று அவரவர் வேண்டுதலுக்கு ஏற்ற தகடுகள் விற்கிறார்கள். "சக்கரம் மாதிரி ஒரு தகடு இருக்கான்னு கேட்டுப் பாருங்க" என்று காதோடு சொன்னாள். நான் சிரித்தேன். சாயங்காலம் வரைக்குந்தான் அந்தச் சிரிப்பு.

திரும்பிப் புறப்படும் முன் காற்றைச் சரி பார்க்கலாமென்று கடைத்தெருப் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். வயதான பாய் ஒருவர் குந்தி உட்கார்ந்து காற்றுப் பிடித்தார். பிடித்து முடித்ததும் எழுந்திருக்கவில்லை. முன் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து இப்படியும் அப்படியுமாகத் தடவினார். நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி ஓடுறப்போ சத்தம் போடுதா, சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாம் பாய்! எப்படித் தெரிஞ்சது?"

"கை சொல்லுதே. ஸ்டியரிங்கை ஒரு பக்கமா முழுசா ஒடிங்க."

ஒடித்தேன். சக்கரத்தின் உட்புறம் வெளியே திரும்பியது. செல்போன் விளக்கை அடித்துக் காட்டினார். வெளிப் பக்கத்தில் பட்டன் நன்றாக இருந்த அதே டயர், உட்பக்க ஓரத்தில் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. ஓரிடத்தில் ரப்பரே இல்லை. சன்னமான எஃகுக் கம்பிகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன.

"இதோட ராத்திரியிலே தஞ்சாவூர் போகலாம்னு இருந்தீங்களா? பின்னாலே குழந்தை வேற உட்கார்ந்திருக்கு" என்றார் பாய்.

நான் பதில் பேசவில்லை. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அன்றிரவு நாகூரிலேயே தங்கினோம். சத்தம் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த சமாசாரம் இதுதான். கேட்கத் தெரியாதவன் நான்.

அந்த மூன்று மாதக் கோட்டையை நேயர்களும் விட வேண்டாம் என்பதற்காகத்தான், பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஓசையை அடக்க வந்த டயர்

முதலில் ஒரு வேடிக்கை. காற்று அடைத்த டயர் என்பதே, வண்டியின் சத்தத்தைக் குறைக்கக் கண்டுபிடிக்கப்பட்டதுதான்!

பழைய நாளில் மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டிருந்தார்கள். கல் பாவிய தெருவில் அது போடும் சத்தம் காதைப் பிளக்கும். நம் ஊர்க் கட்டை வண்டியில் போனவர்களுக்கு அந்தக் 'கடகடா'வைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1845-ம் வருஷம் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்று அடைத்த சக்கரத்துக்கு உரிமை பதிவு செய்தார். அதனால் விளையும் நன்மைகளென்று மூன்றைச் சொன்னார்: வண்டியை இழுப்பது சுலபம், ஆட்டம் குறையும், ஓசை குறையும். செலவு அதிகமானதால் அவருடைய சக்கரம் பிரபலமாகவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகு, 1888-ல், பெல்ஃபாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டுமென்று காற்று டயரை மறுபடி உண்டாக்கினார். அதிலிருந்துதான் உலகம் டயரில் ஓட ஆரம்பித்தது.

ஆகவே, ஓசையை அடக்க வந்த டயரே ஓசை போட ஆரம்பித்தால், எங்கேயோ ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது?

டயரின் மேல் கட்டம் கட்டமாக ரப்பர் மேடுகள் இருக்கின்றன அல்லவா? நாம் 'பட்டன்' என்று சொல்கிறோமே, அவைதாம். சக்கரம் சுழலும்போது ஒவ்வொரு பட்டனும் ரோட்டை ஒரு தட்டுத் தட்டுகிறது. இடையிலுள்ள பள்ளத்தில் காற்று சிக்கிப் பிதுங்கி வெளியேறுகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் டயரின் ஓசை.

புது டயரும் இப்படித் தட்டத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தயாரிப்பவர்கள் ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். எல்லாப் பட்டன்களையும் ஒரே நீளத்தில் வைப்பதில்லை. ஒன்று சிறியது, அடுத்தது சற்றுப் பெரியது என்று கலந்து வைக்கிறார்கள். சந்தையில் ஆளுக்கொரு விதமாகப் பேசினால் வெறும் இரைச்சலாகக் கேட்கும்; எல்லோரும் ஒரே குரலில் கோஷம் போட்டால் காது தாங்காது. பட்டன்கள் கோஷம் போடாமல் தனித்தனியாகப் பேசிக்கொண்டு போகத்தான் அந்த ஏற்பாடு.

டயர் சமமாகத் தேய்கிற வரையில் இந்த ஏற்பாடு நிலைத்திருக்கும். ஓரிடம் அதிகமாகவும் ஓரிடம் குறைவாகவும் தேய்ந்து, மேடும் பள்ளமும் ஒழுங்கான இடைவெளியில் விழுந்துவிட்டால், கோஷம் கிளம்பிவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணக் கார் டயரின் சுற்றளவு உத்தேசமாக 180 சென்டிமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு விநாடிக்கு 9 தடவைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. டயரைச் சுற்றி 12 பள்ளங்கள் விழுந்திருந்தால் விநாடிக்கு 111 தட்டுகள். காதுக்கு இது தம்புராவின் மந்தர ஸ்தாயி போலத்தான் கேட்கும். வேகம் 80 ஆனால் தட்டுகள் 148 ஆகிவிடும், ஸ்ருதி ஏறும். என் காரின் சங்கீத ரகசியம் இவ்வளவுதான்!

பேரிங்கா, டயரா?

இரண்டும் ஒரே ராகத்தில் பாடுவதால்தான் இந்தக் குழப்பம். கெட்டிக்கார மெக்கானிக்குகளே ஏமாந்து போவதுண்டு. ஆனால் பிரித்து அறிய வழி இருக்கிறது.

முதலாவது, ரோட்டைக் கவனியுங்கள். கரடுமுரடான தார் ரோட்டிலிருந்து வழவழப்பான புது ரோட்டுக்கு வந்ததும் சத்தம் மாறினால் டயரின் மேல் சந்தேகம். ரோடு எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி முனகினால் பேரிங்கின் மேல் சந்தேகம்.

இரண்டாவது, வளைவைக் கவனியுங்கள். வண்டி வலப் பக்கம் வளையும்போது பாரம் இடப் பக்கத்துச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது முனகல் அதிகமானால் இடப் பக்கத்துப் பேரிங்காக இருக்கலாம். இடப் பக்கம் வளையும்போது அதிகமானால் வலப் பக்கம். டயர் சத்தம் பெரும்பாலும் வளைவுக்கு இவ்வளவு மாறுவதில்லை.

மூன்றாவது, பட்டறையில் ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். கெட்ட பேரிங் அப்போதும் கரகரக்கும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் தெரியலாம். டயர் ரோட்டைத் தொடாததால் வாயைத் திறக்காது.

நான்காவது, மிகவும் மலிவான சோதனை. முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தமும் இடம் மாறிவிட்டால் குற்றவாளி டயர்தான். இதை முதலில் செய்திருந்தால் எனக்கு இரண்டு பேரிங் மிச்சமாகியிருக்கும்!

உள்ளங்கை ஜோசியம்

ஜோசியர்கள் உள்ளங்கையைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். நாகூர் பாய் உள்ளங்கையால் தடவிப் பார்த்துப் பலன் சொன்னார். இந்த ஜோசியத்தை யாரும் கற்றுக்கொள்ளலாம். வண்டி நின்று, டயர் ஆறிய பிறகு செய்ய வேண்டும். ஒரே எச்சரிக்கை: முதலில் கண்ணால் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். வெளியே வந்த கம்பி கையைக் கிழித்துவிடும்.

மீனைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழவழவென்று போகும்; எதிர்ப் பக்கம் தடவினால் செதிள் தடுக்கும். டயரின் குறுக்கே தடவும்போது இப்படி ஒரு பக்கம் வழவழப்பும் மறு பக்கம் சொரசொரப்புமாக இருந்தால், சக்கரங்கள் நேர்கோட்டில் ஓடவில்லை என்று பொருள். வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது.

டயரின் சுற்றுவட்டத்தில் தடவும்போது, குழிப் பணியாரச் சட்டியைத் தொட்டது போல் பள்ளம் பள்ளமாகத் தட்டுப்பட்டால், சக்கரம் ரோட்டில் ஒட்டி ஓடாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. ஷாக் அப்சர்பர் தளர்ந்திருக்கலாம். அல்லது சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடிப் பாலன்ஸ் தவறியிருக்கலாம். பாலன்ஸ் தவறினால் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங்கும் வெடவெடவென்று ஆடும். விளிம்பில் சில கிராம் எடையுள்ள சின்ன உலோகத் துண்டை ஒட்டி அதைச் சரி செய்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பட்டனும் ஒரு முனையில் உயர்ந்து, மறு முனையில் தாழ்ந்து, ரம்பப் பல் மாதிரி இருந்தால், டயர்களை இடம் மாற்றாமல் நெடுநாள் ஓட்டிவிட்டீர்கள். இது பெரும்பாலும் பின் சக்கரங்களில் வருகிற கோளாறு.

செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்கிறதே, அப்படி உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரம் சாய்ந்து நிற்கிறது, அல்லது நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி ஓடுகிறது.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நன்றாக இருந்தால் காற்றுப் போதாது. நடு மட்டும் தேய்ந்து இரண்டு ஓரமும் நன்றாக இருந்தால் காற்று அதிகம். எத்தனை பாயிண்ட் காற்று வேண்டுமென்று டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே இருக்கும். அநேகமாக 30-க்கும் 35-க்கும் இடையில் இருக்கும். டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். நெடுந்தூரம் ஓடி வந்த பிறகு பார்த்தால் சில பாயிண்ட் கூடுதலாகத்தான் காட்டும்; அதற்காகக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

முக்கால் கிலோமீட்டர் இழுவை

என் டயருக்கு வந்தது, வெளிப்புறமாகத் திரும்பி ஓடிய கோளாறு. ஏதோ ஒரு பள்ளத்தில் சக்கரம் இடித்து, ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டைராட்டின் முனை தளர்ந்து போயிருந்தது. அதனால் சக்கரம் வண்டி போகிற திசையை விட்டுச் சற்றே விலகிப் பார்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

'சற்றே' என்றால் எவ்வளவு? அரை டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் ஏறத்தாழ எட்டே முக்கால் மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. தஞ்சாவூரிலிருந்து நாகூர் வரும் 90 கிலோமீட்டரில் இது முக்கால் கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது! ஒரு ரப்பர் துண்டைக் கையில் பிடித்துத் தார் ரோட்டில் முக்கால் கிலோமீட்டர் தூரம் உரசிக்கொண்டே போனால் என்ன மிஞ்சும்? அதுதான் மிஞ்சியது.

நாகூர் போகும் வழியில் திருவாரூர் இருக்கிறது. அங்கே ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். அத்தனை பெரிய தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்துக் கொடுத்துத்தான் திசை திருப்புகிறார்கள். திருச்சி 'பெல்' தொழிற்சாலைக்காரர்கள் அதற்கு ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் சக்கரம் பார்க்கும் திசை வேறு, வடம் இழுக்கும் திசை வேறு என்று ஆனால் தேர் முரண்டு பிடிக்கும். காரில் எஞ்ஜின் பலமாக இருப்பதால் முரண்டு நமக்குத் தெரிவதில்லை. டயருக்குத்தான் தெரிகிறது.

அதிலும் காவிரிக் கழிமுகம் களிமண் பூமி. மழையில் மண் ஊதும், கோடையில் வெடிக்கும். மேலே போட்ட ரோடும் அதனோடு சேர்ந்து அலை அலையாகிவிடும். அடிக்கொரு வாய்க்கால், அதற்கொரு மதகு, மதகுக்கு முன்னும் பின்னும் ஒரு குலுக்கல். இந்தச் சீமையில் கார் ஓட்டுகிறவர்கள், பெரிய பள்ளத்தில் ஒரு முறை பலமாக இடித்தாலே அலைன்மென்டைப் பார்த்துவிடுவது விவேகம்.

நோய் ஒன்று, மருந்து ஒன்று

இதில் பலர் செய்யும் தப்பு, சத்தம் தாங்காமல் புது டயர் வாங்கிப் போட்டுவிடுவது. ஆஹா, என்ன நிசப்தம்! நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர் வரையில் சுகம். பிறகு பழைய பல்லவி. ஏனென்றால் டயர் நோயாளி அல்ல. நோய் வேறிடத்தில் இருப்பதைக் காட்டும் நாடி அது. நாடியை மாற்றி வைத்தியம் பார்க்க முடியுமா?

எனவே வரிசை முக்கியம். முதலில் டைராட் முனை, பால் ஜாயிண்ட், புஷ், ஷாக் அப்சர்பர் இவற்றில் தளர்ந்ததை மாற்ற வேண்டும். காரின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விடுங்கள். ஓர் ஆட்டத்தோடு நின்றால் சரி. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சர்பர் ஓய்ந்துவிட்டது. இதையெல்லாம் சரி செய்த பிறகுதான் அலைன்மென்ட். காலாடும் கட்டிலுக்கு மட்டம் பார்த்து என்ன பிரயோஜனம்? அப்புறம் பாலன்ஸ். கடைசியில்தான் டயரை மாற்றலாமா, இருப்பதை ஓட்டலாமா என்ற யோசனை.

கொஞ்சமாகத் தேய்ந்த டயர், காரணத்தைச் சரி செய்து இடம் மாற்றிப் போட்டால் நாளடைவில் ஓரளவு சமமாகி, சத்தமும் அடங்கும். ஆழமாகப் பள்ளம் விழுந்தது திருந்தாது. கம்பி தெரிந்ததை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

இடம் மாற்றிப் போடுவதை எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை செய்தால் போதும். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்தில்தான் முன்னும் பின்னுமாக மாற்ற வேண்டும்.

புதிதாக இரண்டு டயர் மட்டும் வாங்க நேர்ந்தால் எந்தச் சக்கரத்துக்குப் போடுவீர்கள்? நான் முன் சக்கரத்துக்கென்றுதான் நினைத்தேன். டயர் தயாரிப்பவர்கள் சொல்வது பின் சக்கரத்துக்கு! ஈர ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஒருவாறு சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம் மாதிரி சுற்றிவிடும். சாதாரண மனிதரால் சமாளிக்க முடியாது. ஆகவே நல்ல டயர் பின்னால் இருக்க வேண்டும்.

டயரைச் சமமாகத் தேய்ப்பதில் வேறொரு லாபமும் உண்டு. 1946-ல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல், தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் 'டிரெட் ரப்பர்' செய்யத் தொடங்கினார். 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து டயரே தயாரித்தார். இன்றைய எம்.ஆர்.எஃப். நிறுவனம் அப்படி வளர்ந்ததுதான். லாரி, பஸ் முதலாளிகள் இன்றும் தேய்ந்த டயருக்கு ரீட்ரேட் செய்து மறுபடி ஓட்டுகிறார்கள். ஆனால் உள்கூடு முழுசாக இருந்தால்தான் அது நடக்கும். ஒரு பக்கம் மட்டும் கம்பி வரையில் தேய்ந்துவிட்ட டயருக்கு மறுபிறவி கிடையாது.

ஐப்பசி வருமுன்

சத்தம் காதைத் துளைப்பதோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாகப்பட்டினத்துப் பக்கம் ரோட்டின் மேல் தண்ணீர் தகடு போல நிற்கும். அந்தத் தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்றுவது பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளந்தான். பள்ளம் ஆழமில்லாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். மிதக்கிற சக்கரத்துக்குப் பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது.

அதனால்தான் கார் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று நம் மோட்டார் வாகன விதி சொல்கிறது. அளவுகோல் வேண்டியதில்லை. பள்ளத்துக்குள்ளேயே ஆங்காங்கு சிறு ரப்பர் மேடுகள் வைத்திருக்கிறார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அதை வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். நான் வெளி ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு 'புதுசாட்டம் இருக்கிறதே' என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன்!

டயருக்கு வயதும் உண்டு. பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். 1423 என்று இருந்தால் 2023-ம் வருஷத்தின் 14-வது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், பத்து வருஷம் ஆகிவிட்டால் மாற்றிவிடச் சொல்கிறார்கள் தயாரிப்பவர்களில் பலர். ரப்பரும் மனிதரைப் போல வயதானால் விறைத்து வெடிக்கத்தானே செய்யும்? அதிகம் ஓடாத ஸ்டெப்னிக்கும் இந்த விதி உண்டு.

திரும்பி வந்தது

மறுநாள் காலையில் ஸ்டெப்னியோடு மெதுவாக நாகப்பட்டினம் போனோம். டைராட் முனையை மாற்றி, அலைன்மென்ட் செய்து, இரண்டு டயரும் புதிதாக வாங்கிப் போட்டோம். பாய் சொன்னபடியே வரிசை தவறாமல் செய்தோம். அதற்கு முன் நாகூரை விட்டுக் கிளம்பும்போது அவர் கடைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். ஸ்டெப்னி மாட்டிய கூலிக்கு மேல் ஒரு காசு வாங்க மறுத்துவிட்டார்.

"மாசத்துக்கு ஒரு தடவை கையாலே தடவிப் பாருங்க, சார். அதுக்குக் காசா, பணமா?" என்றார்.

கீழ்வேளூர் தாண்டி வேகம் அறுபதைத் தொட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். எழுபது. எண்பது. ஒன்றும் இல்லை. ஹனீபா தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். பேத்தி பாட்டியின் மடியில் தலை வைத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா போங்க" என்றாள் மனைவி. "சத்தம் இல்லேன்னா வேகமே தெரிய மாட்டேங்குது."

வாஸ்தவந்தான். வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.